மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்தால்

ஜிம்முக்குப் போகும் அன்பர்களுக்கும், மாஸ்டர்களுக்கும், ஜிம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்.



ஐப்பசி மழை இறங்கியதும் தமிழ்நாட்டில் சளிக்காய்ச்சலும் கூடவே ஏறும். வீட்டுக்கு ஒருவர் இருமுவார். கிளினிக் வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. சில ஆண்டுகளில் மழைக்காலம் வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் எச்3என்2 காய்ச்சல் பரவியபோது மாநிலம் முழுக்க ஒரே நாளில் ஆயிரம் காய்ச்சல் முகாம்களை அரசு அறிவித்தது. அப்படிப்பட்ட வாரங்களில் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் தவறாமல் ஒரு கேள்வி வரும்: "ஜிம்முக்கு வரலாமா, இல்ல கொஞ்ச நாள் நிறுத்தலாமா?" பதிலும் தயாராக இருக்கும். "ரெண்டு செட் போட்டு நல்லா வேர்த்துட்டா காய்ச்சல் ஓடிடும், வா" என்பார் ஒரு நண்பர். "ஊரெல்லாம் காய்ச்சல், அங்க என்ன வேலை?" என்பார் அம்மா.

இரண்டுமே கேள்விக்குள் இறங்காத பதில்கள். கொரோனா ஆண்டுகளில் உலகின் பல ஊர்களில் ஜிம்களுக்குள் என்ன நடந்தது என்பதை ஆய்வாளர்கள் ஆள்வாரியாக, வகுப்புவாரியாகப் பதிவு செய்திருக்கிறார்கள். எந்த அறையில் பரவியது, எந்த அறையில் பரவவில்லை, யார் கொண்டுவந்தார்கள், அவருக்கு அறிகுறி எப்போது தொடங்கியது என்பதுவரை அந்தப் பதிவுகளில் இருக்கிறது. போவதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் முன் அவற்றை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தென் கொரியாவில், சியோலுக்குத் தெற்கே சியோனான் என்றொரு நகரம். 2020 பிப்ரவரி 15 அன்று அங்கே நடன உடற்பயிற்சி கற்றுத்தரும் 27 பேர் ஒரு பயிலரங்கில் கூடினார்கள். நான்கு மணி நேரப் பயிற்சி. அன்று அவர்களில் யாருக்கும் எந்த அறிகுறியும் இல்லை. பின்னர் அவர்களில் 8 பேருக்குத் தொற்று உறுதியானது. ஆனால் அதற்கு முன்பே அவர்கள் ஊர் திரும்பி, வழக்கம்போல வகுப்பெடுக்கத் தொடங்கியிருந்தார்கள். சிலருக்கு லேசான இருமல் இருந்தது. இதெல்லாம் ஒரு நோயா என்று ஏறத்தாழ ஒரு வாரம் வகுப்பு நடந்தது. மார்ச் 9 ஆம் தேதி கணக்கெடுத்தபோது, அந்நகரின் 12 உடற்பயிற்சிக்கூடங்களோடு தொடர்புடைய 112 பேருக்குக் கொரோனா.

அந்த 112 பேரைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயத்தின் கனம் தெரியும். பாதிப் பேர் வகுப்புக்கு வந்தவர்கள். 38 பேர் ஜிம் வாசலையே மிதிக்காதவர்கள். பயிற்சியாளர்களின், மாணவிகளின் வீட்டு மனிதர்கள். மீதி 17 பேர் உடன் வேலை செய்பவர்கள், தெரிந்தவர்கள். ஆக, ஜிம்முக்குப் போவதா வேண்டாமா என்று ஒருவர் எடுக்கும் முடிவு அவர் ஒருவரோடு நிற்பதில்லை. வீட்டில் சர்க்கரை நோயுள்ள அப்பா இருக்கலாம், கைக்குழந்தை இருக்கலாம். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த முடிவு எடுக்கப்படுகிறது.

சியோனான் பற்றிய ஆய்வறிக்கையில் இன்னொரு தகவல் இருக்கிறது. தொற்று பரவிய வகுப்புகளில் 5 முதல் 22 பேர் வரை இருந்தார்கள். அறையின் அளவு சுமார் 60 சதுர மீட்டர், அதாவது நம் கணக்கில் 650 சதுர அடி. ஐம்பது நிமிடம் விடாத ஆட்டம். ஐந்து பேருக்கும் குறைவாக இருந்த வகுப்புகளில் ஒருவருக்கும் பரவவில்லை. தொற்றுள்ள பயிற்சியாளர் ஒருவர் பைலேட்ஸும் யோகாவும் கற்றுக்கொடுத்தார். அவர் வகுப்பில் ஏழெட்டுப் பேர். நடன வகுப்பு நடந்த அதே கூடம், அதே காலம். அவரிடம் கற்றவர்களில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை.

ஒரே கட்டடத்தில் ஏன் இந்த வேறுபாடு? மூச்சுதான் காரணம் என்று நம்ப வலுவான ஆதாரம் இருக்கிறது. ஜெர்மனியின் மியூனிக் ஆய்வாளர்கள், சைக்கிள் மிதிப்பவர்களின் மூச்சிலிருந்து வெளியேறும் நுண்துகள்களை எண்ணி 2022 இல் வெளியிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 580 துகள்கள். இனி முடியாது என்ற எல்லைவரை மிதிக்கும்போது 76,200. ஏறக்குறைய 132 மடங்கு. மெதுவாக மிதிக்கும்வரை எண்ணிக்கை கொஞ்சமாகத்தான் கூடுகிறது. மூச்சிரைக்கத் தொடங்கிய பிறகு கிடுகிடுவென்று ஏறுகிறது. வைரஸ் இந்தத் துகள்களில் ஏறித்தான் காற்றில் மிதக்கிறது. பக்கத்து டிரெட்மில்லில் ஓடுபவர் வெளியே விடுவதும் பல மடங்கு. அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பவர் உள்ளே இழுப்பதும் பல மடங்கு. ஓர் அலுவலகத்தில் இருவர் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதோடு இதை ஒப்பிடவே முடியாது.

2021 ஜூலையில் சியோல் வட்டாரத்தில் குழு உடற்பயிற்சி வகுப்புகளில் போடும் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 தாளத்தைத் தாண்டக்கூடாது, டிரெட்மில் மணிக்கு 6 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடாது என்று அரசு விதித்தது. உலகம் முழுக்கப் பலர் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். பாட்டின் வேகத்தை அளந்து நோயைத் தடுக்க முடியுமா என்பது நியாயமான சந்தேகம். ஆனால் மூச்சிரைப்பைக் குறைத்தால் பரவல் குறையும் என்று அவர்கள் எண்ணியதற்கு சியோனானின் அனுபவம் பின்னால் இருந்தது.

அடுத்தது ஹவாயின் ஹோனோலூலு. 2020 ஜூன் மாதக் கடைசி. ஒரு பயிற்சியாளர் ஒரு மணி நேர சைக்கிள் வகுப்பு எடுத்தார். சைக்கிள்களுக்கு நடுவே ஆறடி இடைவெளி விடப்பட்டிருந்தது; விதிப்படி எல்லாம் சரி. ஆனால் கதவு சாத்தியிருந்தது, ஜன்னலும் சாத்தியிருந்தது. வேர்க்கிறதே என்று மூன்று பெரிய மின்விசிறிகளை ஆட்களின் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். யாருக்கும் மாஸ்க் இல்லை. பயிற்சியாளர் முன்னால் இருந்தபடி, பாட்டுச் சத்தத்தை மீறிக் கத்தி உற்சாகப்படுத்தினார். அன்றே அவருக்கு நோயின் அறிகுறிகள் தொடங்கின. அந்த வகுப்பில் இருந்த 10 பேருக்கும் தொற்று, ஒருவர்கூடத் தப்பவில்லை. அவர்களில் ஒருவர் தானே ஒரு பயிற்சியாளர். அவர் வழியாக அது வேறு ஜிம்முக்கும் போனது. மொத்தம் 21 பேர்.

ஆறடி இடைவெளி அந்தப் பத்துப் பேரில் ஒருவரையும் காப்பாற்றவில்லை. விசிறி அறைக்குள் இருக்கும் காற்றைத்தான் சுழற்றுகிறது, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. நம் ஊர் ஜிம்களில் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்ப்ளிட் ஏசியும் அப்படியே: உள்ளே இருக்கும் அதே காற்றை இழுத்து, குளிர வைத்து, மறுபடி உள்ளேயே விடுகிறது. கடைத்தெருவில் மாடிமேல் இருக்கும் ஒரு ஜிம்மை மாலை ஏழு மணிக்குப் பாருங்கள். ஏசி போட்டாயிற்று என்பதற்காகக் கண்ணாடிக் கதவு இழுத்துச் சாத்தப்பட்டிருக்கும். ஜன்னலை மறைத்து ஆளுயரக் கண்ணாடி பதித்திருப்பார்கள். எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன் இருந்தாலும் சத்தம் போடுகிறது என்று அணைத்து வைத்திருப்பார்கள். பெஞ்ச் பிரஸ்ஸில் ஒருவர் கடைசி ரெப்புக்குத் திணறுகிறார். "இன்னும் ஒண்ணு, விடாத, மேல மேல" என்று மாஸ்டர் அவர் தலைமாட்டில் குனிந்து சப்போர்ட் கொடுக்கிறார். இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒன்றரை அடி இருக்குமா? ஒருவர் வாய் பிளந்து இழுக்கிறார், மற்றவர் அவர் முகத்துக்கு நேராகக் கத்துகிறார். காய்ச்சல் காலத்தில் ஒரு ஜிம்மின் மிக ஆபத்தான நொடி இதுதான். ஆனால் நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பது டம்பெல்லைத் துடைத்தார்களா என்று.

துடைப்பது வேண்டாம் என்பதில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நோரோ போன்ற வைரஸ்கள் கை வழியாகவும் தொட்ட பொருள் வழியாகவும் நன்றாகவே பரவும். வேர்வையும் அழுக்கும் தோல் நோய்களுக்கு வழிவிடும். துண்டு கொண்டுவாருங்கள், பெஞ்சைத் துடையுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆனால் கொரோனா போன்ற நோய்களுக்கு ஸ்பிரே பாட்டில் முதல் காவல் ஆகாது. தொட்ட பொருள் வழியாகக் கொரோனா தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையமே 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது.

சிகாகோவில் நடந்தது இன்னும் வருத்தமானது. 2020 ஆகஸ்ட் 24 முதல் செப்டம்பர் 1 வரை ஒரு ஜிம்மின் தீவிரப் பயிற்சி வகுப்புகளுக்கு வந்தவர்கள் 81 பேர். அவர்களில் 55 பேருக்குத் தொற்று. அந்த ஜிம் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு நடத்தப்படவில்லை. கொள்ளளவில் கால்வாசி ஆட்களைத்தான் உள்ளே விட்டார்கள். நுழையும்போது மாஸ்க், காய்ச்சல் பரிசோதனை, அறிகுறி பற்றிய விசாரிப்பு, இடைவெளி எல்லாம் இருந்தன. பாயும் எடையும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். பயிற்சி தொடங்கியதும் மாஸ்க்கைக் கழற்ற அனுமதி இருந்தது, பெரும்பாலோர் கழற்றினார்கள். அது ஒரு காரணம். ஆனால் விசாரணையில் தெரிந்த இன்னொன்றுதான் மனத்தை உறுத்துகிறது. தொற்றியவர்களில் 22 பேர், தங்களுக்கு அறிகுறி தொடங்கிய நாளிலோ அதற்குப் பிறகோ வகுப்புக்கு வந்திருந்தார்கள். மூன்று பேர், பரிசோதனையில் தொற்று உறுதி என்ற முடிவு வந்த அன்றோ அதற்குப் பிறகோ வந்திருந்தார்கள்.

அப்படியானால் ஜிம் என்றாலே நோய்க்கிடங்கு என்று முடிவு கட்டலாமா? நார்வேயில் 2020 மே, ஜூன் மாதங்களில் ஒரு துணிச்சலான பரிசோதனை நடந்தது. ஆஸ்லோ நகரில் ஐந்து ஜிம்களின் உறுப்பினர்கள் 3,764 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி ஜிம்முக்குப் போகலாம், மறு பாதி போகக்கூடாது. போனவர்களுக்குச் சாதாரணப் பயிற்சியில் ஒரு மீட்டர், தீவிரப் பயிற்சியில் இரண்டு மீட்டர் இடைவெளி. குளியலறையும் சானாவும் மூடப்பட்டன. நோய் இருப்பவர் வரக்கூடாது. இரண்டு வாரம் கழித்துப் பரிசோதித்தபோது போனவர்களில் ஒருவருக்கு மட்டும் தொற்று. அதையும் ஜிம்மோடு தொடர்புபடுத்தச் சான்று கிடைக்கவில்லை. இதில் ஒன்றை மறக்கக்கூடாது. அப்போது ஆஸ்லோவில் நோயே மிகக் குறைவு. ஊரில் பரவல் அடங்கியிருக்கும்போது ஒழுங்காக நடத்தப்படும் ஜிம்முக்குப் போகலாம் என்பதற்குத்தான் அது சான்று. தெருவுக்குத் தெரு காய்ச்சல் இருக்கும் வாரத்துக்கு அந்தச் சான்றை நீட்டக்கூடாது.

திறப்பதா மூடுவதா என்ற இந்தக் கணக்கு தமிழ்நாட்டிலும் போடப்பட்டது. 2020 மார்ச் நடுவில் மூடப்பட்ட ஜிம்கள் ஆகஸ்ட் 10 அன்று, 50 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு திறந்தன. ஆளுக்கு நான்கு சதுர மீட்டர் இடம், ஆக்சிஜன் அளவு 95க்குக் கீழே இருந்தால் பயிற்சி கூடாது, சிரிப்பு யோகா கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் விதிமுறை வகுத்தது. சிரிப்பு யோகாவுக்குத் தடை என்பது அன்று வேடிக்கையாகத் தெரிந்திருக்கும். மூடிய அறையில் பத்துப் பேர் வாய்விட்டுச் சிரித்தால் காற்றில் என்ன கலக்கும் என்று யோசித்தால் அந்த விதியின் நியாயம் புரியும். 2021 ஏப்ரல் 26 அன்று இரண்டாம் அலையில் ஜிம்கள் மறுபடி மூடப்பட்டன. அந்த மாதங்களில் வாடகையும் மெஷின் கடன் தவணையும் கட்ட முடியாமல் ஷட்டரை நிரந்தரமாக இறக்கியவர்கள் எத்தனையோ பேர். சம்பளமில்லாமல் டெலிவரி வேலைக்குப் போன மாஸ்டர்களும் இருக்கிறார்கள். ஆகவே "மூடிவிடு" என்று லேசாகச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. திறந்து வைத்திருக்க வேண்டுமென்றால் திறந்து வைக்கத் தகுந்த மாதிரி நடத்த வேண்டும் என்பதுதான் இந்த மடலின் கோரிக்கை.

முதலில் உறுப்பினர்களுக்கு.

காய்ச்சல் இருக்கும்போது வேர்க்க வேர்க்கப் பயிற்சி செய்வது, மற்றவர்களை விடுங்கள், உங்களுக்கே ஆபத்து. சில வைரஸ்கள் இதயத் தசையில் வீக்கம் உண்டாக்கக்கூடியவை. காக்சாக்கி என்ற வைரஸைச் செலுத்தி நீந்த வைத்த எலிகளின் இதயத்தில், ஓய்வில் இருந்த எலிகளைவிட வைரஸ் பல மடங்கு பெருகியதை 1970 இலேயே காட்டியிருக்கிறார்கள். அதற்கும் முன்பு, 1940களில், ரிட்சி ரஸ்ஸல் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் போலியோ நோயாளிகளைக் கவனித்தார். அறிகுறி தொடங்கிய பிறகும் கடுமையாக உடலை வருத்தியவர்களுக்கு முடக்கம் மோசமாக இருந்தது. உடனே படுத்து ஓய்வெடுத்தவர்கள் அந்த அளவுக்குப் பாதிக்கப்படவில்லை. நம் காலத்துக்கு வந்தால், பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் எடுவர்டோ ரோட்ரிகஸ். முழுநேர விளையாட்டு வீரர், வயது முப்பதுகூட ஆகவில்லை. கொரோனாவுக்குப் பின் இதயத் தசை வீக்கம் கண்டு 2020 பருவம் முழுவதையும் இழந்தார். ஓய்வெடுத்து அடுத்த ஆண்டு ஆடத் திரும்பினார். இதயத் தசை வீக்கம் என்று தெரிந்தால் மூன்று முதல் ஆறு மாதம் கடும் பயிற்சியை விடச் சொல்வது மருத்துவர்களின் வழக்கம். எல்லாக் காய்ச்சலும் அங்கே போய் முடிவதில்லை; மிகச் சிலருக்குத்தான். ஆனால் அந்தச் சிலரில் யார் இருப்பார் என்று முன்கூட்டித் தெரியாது.

ஆகவே காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுச் சளி, இருமல், வயிற்றுப்போக்கு இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று ஜிம் கிடையாது. வெறும் மூக்கொழுகல்தானே என்றால், உங்கள் உடம்பு லேசான பயிற்சியைத் தாங்கும். வீட்டிலோ மொட்டை மாடியிலோ செய்யுங்கள். ஃப்ளூ அறிகுறிக்கு ஒரு நாள் முன்பிருந்தே பரவும், கொரோனா இரண்டு நாள் முன்பிருந்தே பரவும் என்பதால், வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டாலே நீங்களும் சில நாள் தள்ளி நிற்பது நல்லது.

"ஒரு வாரம் விட்டா உடம்பு எறங்கிடும் மாஸ்டர்" என்ற பயம் உண்மையானது, ஆனால் தேவையில்லாதது. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் வாரம் மூன்று நாள் வீதம் 16 வாரம் எடைப் பயிற்சி செய்தவர்களை, அடுத்த 32 வாரங்களுக்குப் பயிற்சியைக் குறைக்கச் சொன்னார்கள். ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்த இளைஞர்கள்கூட வலுவையும் தசையின் அளவையும் காப்பாற்றிக்கொண்டார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தசை அளவு சற்றுக் குறைந்தது. வலு பெரிதாகக் குறையவில்லை. கஷ்டப்பட்டு ஏற்றிய உடம்பு ஒரு வாரக் காய்ச்சலில் கரைந்துவிடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. நோய் பயத்தில் உடற்பயிற்சியையே விட்டுவிடுவதும் தவறுதான். தெற்குக் கலிஃபோர்னியாவில் கொரோனா வந்த 48,440 பேரை ஆராய்ந்து 2021 இல் வெளியிட்டார்கள். வாரம் 150 நிமிடம் தவறாமல் உடற்பயிற்சி செய்துவந்தவர்களோடு ஒப்பிட்டால், உடலசைவே இல்லாதவர்கள் மருத்துவமனையில் சேர்வது இரண்டே கால் மடங்கு, இறப்பது ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஊரில் பரவல் உச்சத்தில் இருக்கும் இரண்டு மூன்று வாரங்கள் மட்டும் பூங்கா, கடற்கரை, பள்ளி மைதானம் என்று வெளியே மாறிக்கொள்ளுங்கள். ஜிம்முக்கே போவதென்றால் மாலைக் கூட்டம் வேண்டாம். ஆளில்லாத மதிய நேரம் பாருங்கள். டிரெட்மில் ஓட்டத்தை வெளியே வைத்துக்கொண்டு எடையை மட்டும் உள்ளே தூக்குங்கள். வீட்டில் வயதானவர்களோ கர்ப்பிணியோ இருந்தால் அந்த வாரங்களில் போகாமலேயே இருங்கள்.

இப்போது உரிமையாளர்களுக்கு. ஏசியை அணைக்க வேண்டாம். எதிரெதிரே இரண்டு ஜன்னலைத் திறந்து எக்ஸ்ஹாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்கள். மின்கட்டணம் ஏறும், உண்மை. கார்பன் டை ஆக்சைடு அளக்கும் சிறு கருவி ஒன்றை ரிசப்ஷன் மேசையில் வைத்தால் அறையின் காற்று மாறுகிறதா என்று எல்லோருக்கும் தெரியும். வெளிக்காற்றில் அது 420 பிபிஎம் அளவில் இருக்கும். உள்ளே 800ஐத் தாண்டினால் ஆள் குறைய வேண்டும் அல்லது இன்னொரு ஜன்னல் திறக்க வேண்டும். ஜும்பா வகுப்பை மொட்டை மாடிக்கு ஏற்றுங்கள்.

ஆனால் இவற்றைவிடப் பெரிய வேலை ஒன்று உங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. சியோனானிலும் ஹோனோலூலுவிலும் நோயைப் பரப்பியவர்கள் பயிற்சியாளர்கள். அவர்கள் பொறுப்பற்றவர்கள் என்று சொல்வது எளிது. நம் ஊரில் பல மாஸ்டர்களின் நிலை என்ன? அடிப்படைச் சம்பளம் சொற்பம். பர்சனல் டிரெய்னிங் எடுத்தால் அதில் ஒரு பங்கு. அன்றைக்கு வராவிட்டால் அன்றைய பங்கு இல்லை. கிளையன்ட் வேறு மாஸ்டரிடம் போய்விடுவாரோ என்ற கவலை வேறு. பாராசிட்டமால் ஒன்றைப் போட்டுக்கொண்டு காலை ஐந்தரைக்கு ஷட்டர் திறக்க வருபவர் வீம்புக்கு வரவில்லை. உறுப்பினரும் அப்படித்தான். மூன்று மாதப் பேக்கேஜுக்கு மொத்தமாகப் பணம் கட்டியிருக்கிறார். போகாத நாள் வீண். அறிகுறியோடு வந்த அந்த 22 சிகாகோக்காரர்கள் என்ன நினைத்து வந்தார்களோ, இங்கே வருபவரின் மனக்கணக்கில் அந்தப் பணம் நிச்சயம் இருக்கிறது.

இதை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது. காய்ச்சல் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினால் அத்தனை நாளும் பேக்கேஜில் கூடுதலாகச் சேரும் என்று சேர்க்கைப் படிவத்திலேயே அச்சடித்துவிடுங்கள். டாக்டர் சீட்டு கேட்காதீர்கள். கேட்டால் அவர் அலைவதற்குப் பதில் ஜிம்முக்கே வந்துவிடுவார். மாஸ்டர்களுக்கு ஆண்டுக்குச் சில நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு கொடுங்கள். காய்ச்சலில் இருக்கும் மாஸ்டரின் கிளையன்ட்டை இன்னொரு மாஸ்டர் பார்த்துக்கொண்டால், அந்த வாரத்துப் பங்கு முதல் மாஸ்டருக்கே போகட்டும். தனியொரு ஜிம் இதைச் செய்யத் தயங்கலாம். ஒரே பகுதியில் இருக்கும் நாலைந்து ஜிம்காரர்கள் உட்கார்ந்து பேசினால், அடுத்த மழைக்கு முன் எல்லா இடத்திலும் ஒரே விதி என்று கொண்டுவந்துவிடலாம். புரட்டாசியில் பேசத் தொடங்குங்கள்; படிவம் அச்சாக ஒரு வாரம் போதும்.